பேசும் பொறியும் உயவு எண்ணெயும்

தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டு உருவாக்கிய ஃபோனோகிராஃபில், வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையைக் கையால் சுழற்ற வேண்டும். கை விரைந்தால் குரல் கீச்சிடும். தளர்ந்தால் கனத்து இழுபடும். இக்குறையைப் போக்கும் வகையில், சுருள்வில்லால் இயங்கும் பொறிகள் 1890களில் பரவின. கடிகாரத்தைப் போலச் சாவி கொடுத்தால் போதும். வில் விரியும், பற்சக்கரங்கள் சுழலும், மெழுகு உருளை பாடும். ஆயினும், கையின் தடுமாற்றம் நீங்கிய இடத்தில் உராய்வின் தொல்லை வந்து சேர்ந்தது.

1902ஆம் ஆண்டு முதல் எடிசன் நிறுவனம் வார்ப்பு முறையில் வெளியிட்ட உருளைகள் நிமிடத்திற்கு 160 முறை சுழல வேண்டியவை. அது 151ஆகக் குறைந்தாலே பாட்டு ஏறத்தாழ அரைச்சுரம் இறங்கிவிடும். இவ்வேகத்தைக் காப்பது வேகச்சீராக்கி என்னும் உறுப்பு. தட்டை வில்களில் பொருத்தப்பட்ட சிறு எடைகள் அதில் மிக விரைவாகச் சுழலும். வேகம் மிகும்போது அவை வெளிநோக்கி விரிந்து ஒரு வட்டத்தட்டை இழுக்கும். அத்தட்டு தோல் திண்டின்மீது உரசி வேகத்தை அடக்கும். உராய்வைக் கொண்டே வேலை செய்யும் உறுப்புக்கும் எண்ணெய் தேவை என்பது வியப்பாகத் தோன்றலாம். திண்டு காய்ந்திருந்தால் தட்டு சீராக உரசாமல் பற்றிப் பற்றி விடும்; பாட்டும் நடுங்கும். அங்கே வேண்டுவது ஒரு துளி மெல்லிய எண்ணெய்.

சுருள்வில்லுக்கு அது போதாது. கூட்டுக்குள் சுருண்டிருக்கும் எஃகுப் பட்டையின் சுற்றுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி விரிய வேண்டும். மெல்லிய எண்ணெய் வழிந்துவிடும் என்பதால் கிராஃபைட் கலந்த கிரீஸைப் பூசினர். பல ஆண்டுகளில் அது இறுகினால், சுற்றுகள் ஒட்டிக்கொண்டு திடீரென விடுபடும். அப்போது பெட்டிக்குள் ‘தடால்’ என்றோர் ஓசை எழும். வில் முறிந்ததோ என உரியவர் அஞ்சுவார். பெரும்பாலும் பழுது கிரீஸில்தான் இருக்கும்.

நுண்பொறிகளுக்கு அக்காலத்தில் பெயர்பெற்றிருந்தது எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய். வேதியியல் நோக்கில் அது பெரும்பாலும் நீர்ம மெழுகு, எளிதில் பிசுக்காகாது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுப் பிசின்போல் இறுகிவிடும். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மெல்லிய எண்ணெய்கள் பெருகவே, திமிங்கலத்தின் தேவை சிறிது சிறிதாகக் குறைந்தது. எனினும், அமெரிக்கா அவ்வெண்ணெய்க்குத் தடை விதித்தது 1970களில்தான்.

இன்று பழம்பொறிகளைச் செப்பனிடுவோர் இறுகிய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி, அச்சுகளுக்குத் தையல் எந்திர எண்ணெய் இடுகின்றனர். வில்லை முற்றிலும் தளர்த்திய பின்னரே கூட்டைத் திறப்பர். இல்லையேல் சீறி விரியும் எஃகுப் பட்டை கையைக் கிழித்துவிடும்.