கப்பலில் ஓர் உயிர்க்கவசம்

நம் சங்கக் குடும்பங்களில் மகனையோ மருமகனையோ கப்பல் வேலைக்கு அனுப்பியவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் ரயில்வேக்காரன், ஆனால் பிரேக் குழாய் ரப்பரோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதால் 'இம்மர்ஷன் சூட்' சமாசாரம் எனக்கு எளிதில் பிடிபட்டது.

முகம் மட்டும் தெரிய, தலை முதல் பாதம் வரை மூடும் ஆரஞ்சு நிற உடை இது. பெரும்பாலும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. நம் வெதுவெதுப்பான கடலில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியாது. குளிர்கால வட அட்லாண்டிக்கில் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. சில நிமிஷங்களில் விரல்கள் மரத்துவிடும். பிறகு உடல் சூடு இறங்கிக்கொண்டே போகும். 1983 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் 'மரைன் எலெக்ட்ரிக்' என்ற நிலக்கரிக் கப்பல் மூழ்கியது. 34 பேரில் பிழைத்தவர்கள் மூவரே. பலரைக் கொன்றது குளிர். அதன் பிறகுதான் குளிர்க்கடலில் ஓடும் தன் கப்பல்களுக்கு அமெரிக்கா இவ்வுடையைக் கட்டாயமாக்கியது. 2006 ஜூலை முதல் சர்வதேச விதியும் சரக்குக் கப்பல்களில் ஆளுக்கொன்று வேண்டும் என்கிறது. வெப்பக் கடல்களில் மட்டுமே ஓடும் சில கப்பல்களுக்கு விலக்கு உண்டு.

வெப்பக்காப்புள்ள உடையை அணிந்தவர் 0 முதல் 2 டிகிரி நீரில் 6 மணி நேரம் கிடந்தாலும் உடலின் உள்சூடு 2 டிகிரிக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. உடை பழுதில்லாமல் இருந்தால்தான் இது நடக்கும். வருஷக்கணக்கில் பைக்குள் கிடக்கும் பொருளாயிற்றே!

ஸ்டோரில் மடங்கிக் கிடந்த ரப்பர் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். இங்கும் அதே கதைதான். ஆகவே அழுத்தி மடிக்காமல், ஜிப்பை முழுக்கத் திறந்துவிட்டு, தளர்வாகச் சுருட்டிப் பையில் வைப்பார்கள். எண்ணெய் படக் கூடாது. வெயிலும் ஈரமும் ஆகாது. கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் உலர்த்த வேண்டும். ஜிப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மெழுகைத்தான் தடவ வேண்டும். கையில் கிடைத்த கிரீஸை அல்ல. ஜிப் இறுகிவிட்டால் மற்றதெல்லாம் வீண். மாதம் ஒருமுறை சோதனை உண்டு. 3 வருஷத்துக்கு ஒருமுறையாவது காற்றடைத்துக் கசிவு பார்க்க வேண்டும். 10 வருஷம் தாண்டிய உடைக்கு இன்னும் அடிக்கடி.

துணையில்லாமல் 2 நிமிஷத்துக்குள் அணிய வேண்டும். உட்கார்ந்து முதலில் கால்கள் (ஷூ மேல் பிளாஸ்டிக் பை மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்), பிறகு பழக்கம் குறைந்த கை, தலைமூடி, கடைசியில் பழகிய கை. ஜிப்பை மேலே இழுக்குமுன் குந்தி உட்கார்ந்து உள்காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் கால்கள் மேலே எழும்பிவிடும். உயரத்திலிருந்து குதிப்பதைவிட ஏணியில் இறங்குவதே நல்லது.

அடுத்த முறை பிள்ளை போன் பேசும்போது, "இந்தக் கப்பலில் ஏறியபின் சூட்டைப் போட்டுப் பார்த்தாயா, அளவு சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒல்லி உடம்புக்கும் பெருத்த உடம்புக்கும் தனி அளவுகள் உண்டு; கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.