ஆறு மறையும் மேட்டுநிலம்

நிலத்தோற்றப் பாடத்தில் வரும் ‘கார்ஸ்ட்’ என்ற சொல், ஸ்லோவேனியா – இத்தாலி எல்லையிலுள்ள கிராஸ் மேட்டுநிலப் பெயரின் ஜெர்மன் வடிவம். அங்கே மழைக்குக் குறைவில்லை. ஆனால் தரைமேல் ஓடையைக் காண்பது அரிது. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து வீரியம் குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. அது வெடிப்புகளில் இறங்கிப் பாறையைக் கரைக்க, காலப்போக்கில் குகைகள் உருவாகின்றன. தரையில் ‘டோலின்’ எனும் பள்ளங்கள் விழுகின்றன.

ரேகா என்னும் ஆறே ஷ்கோட்சியான் குகைகளுக்குள் புகுந்து மறைகிறது. 30 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடியில் சென்று, இத்தாலியில் கடலருகே திமாவோ ஊற்றுகளில் வெளிப்படுகிறது. 1986இல் யுனெஸ்கோ இக்குகைகளை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

மாணவர்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மணல்போல் இப்பாறை நீரை வடிகட்டாது. மேலே டோலினில் கொட்டிய கழிவு, தொலைவிலுள்ள ஊற்று நீரில் கலந்துவிடும். ரேகாவும் ஒரு காலத்தில் ஆலைக் கழிவால் கெட்டுப்போயிருந்தது.

பாறை கரைவதை வகுப்பிலேயே காட்டலாம். முட்டை ஓட்டின்மேல் வினிகர் ஊற்றினால் நுரைக்கும். சாக்பீஸ் வேண்டாம், பெரும்பாலும் அது ஜிப்சம், நுரைக்காது.