தறிக்கு நிழல் தந்த நகரம், தொழிலாளிக்கு வீடு தராதா?

1734ஆம் ஆண்டு. கூவம் ஆற்றின் வளைவில், மரங்கள் நிறைந்த தோட்டம் ஒன்றில் ஒரு பேட்டையை அமைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. சின்னத் தறிப் பேட்டை! மக்கள் நாவில் அது சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. நெசவாளர், நூற்போர், துணிக்கு வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். பாவு விரிக்க நிழல் வேண்டும். துணி வெளுக்க நீர் வேண்டும். இரண்டும் அங்கே இருந்தன.

கம்பெனிக்காரன் ஏழை பங்காளனா? இல்லை! இலாபம் தேடிக் கடல் கடந்து வந்தவன். ஆனாலும் அவன் ஒன்றை அறிந்திருந்தான்: உழைப்பவன் வீடு உழைப்போடு ஒட்டியிருக்க வேண்டும், பிரித்தால் தறி நிற்கும்.

கணக்குப் பார்த்த வணிகன் அறிந்ததைக் கருணை பேசும் நாம் மறக்கலாமா?

1970ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் அதன் தொடக்கக் கால வழி. நொச்சிக்குப்பத்து மீனவனுக்குக் கடலோரத்திலேயே வீடு கிடைத்தது. ஓலை போய்க் கல் வந்தது. கடல் போகவில்லை, கட்டுமரம் போகவில்லை.

பின்னர் என்ன நடந்தது? 2000ல் கண்ணகி நகர், அதன்பின் பெரும்பாக்கம். எட்டடுக்கு மாளிகைகள்! இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்! கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் பல அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டன. நகரின் நடுவே மூட்டை தூக்கியவனுக்கும், வீட்டு வேலை செய்த தாய்க்கும், பிழைப்பு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. கூலியில் ஒரு பங்கு பஸ்ஸுக்கு. பொழுதில் ஒரு பங்கு பாதைக்கு!

எட்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏற மின்சாரம் வேண்டும். கிழவி ஏற லிப்ட் வேண்டும். லிப்ட் நின்றால் கிழவி சிறையிருக்கிறாள். அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழை நீரை ஏந்தும் மடி அது. 2022ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அந்த மடியைச் சுருக்கிச் சுற்றிலும் நகரத்தைக் கட்டினோம். 2015லும் 2023லும் வெள்ளம் வந்து வாசலில் நின்று கணக்குக் கேட்டது.

'ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்தல்லவா?' என்பார்கள். ஆம், ஆபத்துதான்! வெள்ளப் பாதையில் எவரும் வாழ வேண்டாம். ஆனால் ஆற்றை விட்டு விலக்குவது வேறு. ஊரை விட்டே விலக்குவது வேறு. 'நகருக்குள் நிலம் விலை அதிகம்' என்பார்கள். அந்த நிலத்துக்கு விலை ஏற்றியது யார் வியர்வை?

நாம் கேட்பது அரண்மனை அல்ல. பழைய பேட்டைக்குள்ளேயே, லிப்டை நம்பி வாழத் தேவையில்லாத மூன்று, நான்கு அடுக்கு வீடுகள். நடுவே காற்றும் வெளிச்சமும் புகும் முற்றம். மாலையில் நாலு பேர் உட்காரத் திண்ணை. தள்ளுவண்டி நிறுத்தவும் தையல் எந்திரம் போடவும் தரைத் தளத்தில் இடம். இருக்கும் மரத்தை வெட்டாத வரைபடம். கூரை நீரைக் கிணற்றுக்கு அனுப்பும் குழாய். 2003ல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடுதானே அது!

தோழர்களே! உங்கள் பேட்டையில் அளவு நாடா விரிக்கப்படும் நாளில், வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீடு எத்தனை அடி என்று மட்டும் கேட்காதீர்கள். வேலைக்கு எத்தனை மைல் என்று கேளுங்கள்!