கல்லற்ற மண்ணில் எழுந்த மாளிகை: கொல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டல்

கொல்கத்தா நகரின் பினய்-பாதல்-தினேஷ் பாக் பகுதிக்கும் ஆளுநர் மாளிகைக்கும் இடையே, பழைய கோர்ட் ஹவுஸ் தெருவில் நீண்ட முகப்புடன் நிற்பது கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டல். ஆங்கிலேயர் ஆட்சியின் எழுச்சி, தலைநகரின் இடமாற்றம், அரசுடைமை, தனியார்மயம் ஆகிய அனைத்தையும் கண்ட கட்டடம் இது. ஒரு பழங்கட்டடத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினாவிற்கு இதன் வரலாறு பயனுள்ள விடைகளைத் தருகிறது.

தோற்றம்

டேவிட் வில்சன் என்ற ஆங்கிலேயர் இவ்விடத்தில் முதலில் ரொட்டிக் கடை ஒன்றை நடத்தி வந்தார். 1840ஆம் ஆண்டையொட்டி அவர் இங்கு ஓர் ஓட்டலைத் தொடங்கி, அப்போது தலைமை ஆளுநராக இருந்த ஆக்லந்து பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். மேல் தளங்களில் தங்கும் அறைகளும் தரைத்தளத்தில் பலவகைப் பண்டங்களை விற்கும் பெருங்கடையும் இருந்தன. கப்பலில் வந்திறங்கும் அதிகாரிக்கும் வணிகருக்கும் உறைவிடம், உணவு, உடை ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. சென்னையின் கன்னிமாரா ஓட்டல் பின்னர் ஸ்பென்சர் வணிக நிறுவனத்தின் கைக்கு வந்து வளர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். ஓட்டல் தொழிலும் சில்லறை வணிகமும் அக்காலத்தில் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன.

பங்குகள் வெளியிட்ட கூட்டு நிறுவனமாக இது மாறியபோது, அதன் இயக்குநர் குழுவில் இந்தியரும் இடம்பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. கொல்கத்தாவிற்குப் பொது மின்வழங்கல் வந்தது 1899ஆம் ஆண்டில்தான். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1883இல், இந்த ஓட்டல் மின்னொளி பெற்றதாகக் கூறப்படுகிறது. ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங்கும் கொல்கத்தாவைப் பற்றிய தம் கட்டுரைகளில் இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

கட்டட அமைப்பு

கொல்கத்தா கங்கையின் வண்டல் படிந்த சமவெளியில் அமைந்தது. அருகில் கல் கிடைப்பதில்லை. 1787இல் திறக்கப்பட்ட புனித ஜான் தேவாலயத்தைப் பொதுமக்கள் ‘கல் கோயில்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்ததே, கல் அங்கு எத்துணை அரிய பொருள் என்பதைக் காட்டும். ஆதலின் நகரின் பெருங்கட்டடங்கள் ஆற்று மண்ணால் செய்த செங்கல்லால் எழுந்தன. சுண்ணாம்புடன் செங்கற்பொடி கலந்த ‘சுர்க்கி’ சாந்து அவற்றை இணைத்தது. சுட்ட மண்ணின் பொடி சுண்ணாம்போடு வினைபுரிவதால் இச்சாந்து ஈரக் காலநிலையிலும் இறுகும் தன்மை பெற்றது. சுவரின் மேல் பூசிய சுண்ணாம்புப் பூச்சில் கோடுகளும் விளிம்புகளும் வகுத்து, கல்லால் கட்டியது போன்ற தோற்றத்தைக் கொத்தனார்கள் உண்டாக்கினர்.

கூரையமைப்பும் நம்மவர்க்குப் புதியதன்று. உத்திரங்களின் மீது குறுக்குச் சட்டங்களை அடுக்கி, அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்டு இறுக்கும் முறை, தமிழகத்தின் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறைக்கு நெருங்கிய உறவுடையது. உயர்ந்த மேற்கூரை வெப்பக்காற்றை மேலே ஏற்றியது. நடைபாதையின்மேல் தூண்கள் தாங்க நீண்ட முகப்பு, உள்ளிருந்த விருந்தினருக்குத் தாழ்வாரமாயிற்று; தெருவில் நடந்த எளிய மனிதனுக்கும் வெயிலிலும் மழையிலும் நிழற்கூடமாயிற்று.

வீழ்ச்சியும் அரசுடைமையும்

தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911இல் வெளியாயிற்று. எனினும் வணிக நகரமாகக் கொல்கத்தா நீடித்தமையால் ஓட்டல் உடனே தளர்ந்துவிடவில்லை. விடுதலைக்குப் பிந்திய தொழில் தேக்கமும், 1960களின் இறுதியில் எழுந்த அரசியல் கொந்தளிப்பும் அதன் வருவாயைக் குலைத்தன. 1970களில் நிருவாகம் மாநில அரசின் கைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஓட்டல் அரசுடைமையாயிற்று. வேலைவாய்ப்பைக் காப்பதே இதன் தலையாய நோக்கமாக இருந்தது.

ஆனால் வேலையைக் காப்பதும் கட்டடத்தைக் காப்பதும் ஒன்றல்ல. வருவாய் ஊதியத்திற்கே செலவாகும் நிறுவனத்தில், பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் தள்ளிப்போடப்படும். கசிந்த கூரை நனைந்த சுவராகிறது. நனைந்த சுவர் மூடிய அறையாகிறது. மூடிய அறை வருவாயை மேலும் குறைக்கிறது. 1990களில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச்சேர எடுத்த முயற்சி தொழிற்சங்க எதிர்ப்பினால் கைகூடவில்லை. இறுதியில் 2005இல் ஏறத்தாழ 52 கோடி ரூபாய்க்குப் பாரத் ஹோட்டல்ஸ் நிறுவனம் இதனைப் பெற்றது. ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வகுக்கப்பட்டது. பல தலைமுறைகளாகச் சமையற்கூடத்திலும் விருந்து மண்டபத்திலும் பழகிய கைத்திறன் இவ்வாறு கலைந்தது. கணக்கேட்டில் இடம்பெறாத இழப்பு இது.

புத்துயிர்

எட்டு ஆண்டுக்காலப் பணிக்குப் பின் 2013 நவம்பரில் ஓட்டல் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய பகுதிகளின் முகப்பு காக்கப்பட்டு, வேறொரு பகுதி புதிதாக எழுப்பப்பட்டது. வில்சன் தொடங்கிய ரொட்டித் தொழிலின் நினைவும் ஓட்டலின் ரொட்டிக் கடையில் தொடர்கிறது.

கொல்கத்தா மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலும், 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மேற்கு வங்கப் பாரம்பரிய ஆணையமும் இத்தகைய கட்டடங்களுக்குக் காப்பாக உள்ளன. உடைமை யாரிடம் இருப்பினும் முகப்பு அனைவருக்கும் உரியது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஆயினும் இடிப்பதைத் தடுக்கும் சட்டம், பழுது பார்க்கப் பணம் தருவதில்லை. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசினால் உள்ளே தங்கும் ஈரம் செங்கல்லை அரித்துவிடும் என்பதை அறிந்த கொத்தனாரையும் அது உருவாக்குவதில்லை.

ஆகவே, பழங்கட்டடங்களைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் துறைகள் மூன்று செயல்களை ஒருங்கே மேற்கொள்ளுதல் வேண்டும்: பராமரிப்பிற்கெனத் தனி நிதி ஒதுக்குதல், சுண்ணாம்பு வேலையில் தொழிலாளரைப் பயிற்றுதல், கட்டடத்திற்கு வருவாய் தரும் பயன் ஒன்றை வகுத்தல். இவற்றுள் ஒன்று குறையினும் மற்ற இரண்டும் நிலைத்த பயனைத் தரமாட்டா.