கணவன் மனைவி பிணக்கும் கைபேசி வழி ஆலோசனையும்

சரக்கு வரவில்லை, பாக்கி நிற்கிறது, ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்திருக்கிறது என்றால் நாம் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசிவிடுகிறோம். வீட்டில் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றால் பக்கத்துக் கடைக்காரரிடம்கூடச் சொல்வதில்லை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறக்கும் தொழிலில், கணவனும் மனைவியும் உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளக்கூட நேரமில்லை.

நம் மண்டியில் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் விஷயத்தை, தம்பதியர் இருவரின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் விட்டுவிட்டு எழுதுகிறோம். தீபாவளிக் கொள்முதலுக்குப் பணமுடை வந்தபோது மனைவியின் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்தார். தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட அந்த அம்மையார் பீரோவைத் திறந்தபோது விஷயம் வெளிப்பட்டது. பிள்ளையை அழைத்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டார். இரு வீட்டுப் பெரியவர்களும் கூடினார்கள், நம்மையும் அழைத்திருந்தார்கள். எத்தனை பவுன், யார் போட்ட நகை, எந்தத் தேதிக்குள் மீட்பது என்றே பேச்சு சுற்றியது. மாசியில் நகை மீட்கப்பட்டுக் கைக்கு வந்தது. அம்மையார் வரவில்லை.

அதன் பிறகுதான், கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லி, சென்னையிலுள்ள உளவியலாளர் ஒருவரிடம் வீடியோ அழைப்பில் ஆலோசனை தொடங்கினார்கள். கடை அடைத்ததும் இவர் குடோனிலிருந்து பேசுவார். அம்மையார் தாய்வீட்டு மாடியிலிருந்து. முதலில் இருவரிடமும் தனித்தனியாக, பின்பு சேர்த்து. ஒருவர் சொன்னதை மற்றவர் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேச வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. நான்காவது முறை உண்மை வெளியே வந்தது. அடகுக் கடைக்கு உடன் போனது கடைப் பையன். "பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை" என்று அம்மையார் அழுதிருக்கிறார். பெரியவர்கள் பேசிய பவுன் கணக்கில் இது எங்கும் வரவில்லை.

தீர்ப்பு எதுவும் சொல்லப்படவில்லை. ஞாயிறு மதியம் இருவரும் பேரேட்டைப் பிரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு. வைகாசியில் அம்மையார் திரும்பினார். (நமக்கு வர வேண்டிய பாக்கியையும் இப்போது அவர்தான் நாள் தவறாமல் அனுப்புகிறார்!)

தம்பதியரின் பேச்சைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் காட்மேன், மண வாழ்வைக் கெடுப்பவை என நான்கைச் சொல்கிறார்: குற்றம் சாட்டுதல், இகழ்தல், தன் பக்கமே நியாயம் பேசுதல், வாய் திறக்காமல் கல்லாய் இருந்துவிடுதல். இகழ்ச்சியே மிகக் கொடியது என்கிறார். நம் வணிகர்கள் நான்காவதில் கெட்டிக்காரர்கள் என்பது நம் அபிப்பிராயம்.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலும் சமரச முயற்சிக்கும் ஆலோசகருக்கும் இடமுண்டு. ஆனால் அது வழக்குப் போட்ட பின் வருவது. அதற்கு முன்பே பேசிப் பார்ப்பதற்கு, 2020 ஊரடங்கிற்குப் பின் பரவலாகிவிட்ட இந்த வீடியோ முறை நமக்கு ஏற்றது. ஊரில் யார் கண்ணிலும் படாமல், கடை அடைத்த நேரத்தில் பேசலாம்.

ஆனால் சாம்பிள் பார்க்காமல் மூட்டை இறக்குவோமா? ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். என்ன படிப்பு, தம்பதியருக்கான ஆலோசனையில் எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். ஒரு அமர்வுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால் யோசியுங்கள். முக்கியமாக, ஆர்டர் வரும் கடைக் கைபேசியில் பேச வேண்டாம். அது பையன்கள் கையில் புழங்குவது; ஆலோசகர் அனுப்பும் செய்தி அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

அடி உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசும் இம்முறை ஆபத்து. பக்கத்து அறையில் கணவன் இருக்க, மனைவி எப்படி மனம்விட்டுப் பேசுவார்? அங்கே பெண்கள் உதவி எண் 181-ஐ அழைப்பதுதான் சரி. மனச்சோர்வு, தூக்கமின்மை, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.