விரலில் இடும் மை

கொழுந்து பறிக்கும் கைகளுக்குக் கறை புதியதன்று. தேயிலைச் சாறு காற்றுப் பட்டுக் கறுத்து, விரல் நுனிகளிலும் நகக்கண்களிலும் படிந்துவிடுகின்றது. ஆயினும் மலையக மக்கள் தாமே விரும்பி விரல் நீட்டி ஏற்கும் கறை ஒன்றுண்டு. அதுவே வாக்களிப்பு நிலையத்தில் இடப்படும் அழியா மை.

அதன் அருமையை அறிய வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

இனி, இம்மை யாதெனக் காண்போம். இந்தியாவில் 1962 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதலாக மைசூரிலுள்ள அரசாங்க வர்ணத் தொழிற்சாலை இதனை வழங்கி வருகின்றது. செய்முறையை வகுத்தது புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடம். இத்தகைய மையின் உயிர்ப்பொருள் வெள்ளி நைத்திரேற்று. உடனே கண்ணுக்குத் தெரியும் பொருட்டுச் சாயமும், விரைவில் உலரும் பொருட்டு அற்ககோலும் சேர்ப்பர்.

வெள்ளி நைத்திரேற்று தோலின் உப்போடு கூடி, நீரிற் கரையாத வெள்ளிக் குளோரைட்டாகின்றது. வெளிச்சம் பட்டதும் அதிலிருந்து நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து கறுக்கின்றன. தோலிலுள்ள புரதத்தையும் வெள்ளி பற்றிக்கொள்கின்றது. ஆதலின் சவர்க்காரமும் எண்ணெயும் இதனிடம் தோற்றுப்போகின்றன. மேற்றோல் உதிர்ந்து புதுத்தோல் வரும்போதே கறை நீங்கும். நகத்திற் பட்ட மையோ, நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்கும். நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே வளர்கின்றது.

இதனால் தீங்குண்டா? ஊறில்லாத தோலில் எப்போதோ ஒருமுறை ஒரு துளி படுவதனால் அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் செறிவு மிகுந்தால் வெள்ளி நைத்திரேற்று தோலைச் சுடும். மருக்களைச் சுட வைத்தியர்கள் இதனைக் கையாள்வதும் அதனாலேயே. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அதிகாரியிடம் முன்னரே கூறுதல் நன்று. மை உலரும்வரை கண்ணையும் வாயையும் தொடலாகாது. கண்ணிற் பட்டுவிட்டால், தூய நீரால் கால்மணி நேரம் கழுவிய பின் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கறையைப் போக்கவென்று மண்ணெண்ணெய், வெளுப்பு நீர், உரைகல் ஆகியவற்றை நாடுவோர் மையினாலன்றித் தம் செயலாலேயே தோலைப் புண்ணாக்கிக்கொள்வர்.

பெரியோரைப் பார்த்துப் பிள்ளைகள் அழியா எழுத்துப் பேனாவால் விரலிற் புள்ளியிட்டு விளையாடுவதுண்டு. அது வேறு வகை மை. சாயமும் பிசினும் அற்ககோல் போன்ற கரைப்பானிற் கலந்தது; தோலின்மீது ஒட்டி நிற்பதேயன்றித் தோலோடு வினைபுரிவதில்லை. சிறிதளவு எண்ணெய் தடவித் துடைத்தால் பெரும்பாலும் மங்கிவிடும். இன்றேல் சில நாளில் தானே போய்விடும். ஆனால் சைலீன், தொலுயீன் கலந்த பேனாக்களும் உண்டு. அவற்றின் நெடி தலைவலியையும் மயக்கத்தையும் தரும். தோலும் வறண்டு எரியும். மேலுறையில் அப்பெயர்கள் உண்டோவெனப் படித்துப் பார்த்தே பேனா வாங்குக. எவ்வகைப் பேனாவாயினும் உதட்டிலும் புண்ணிலும் கைக்குழந்தையின் உடலிலும் எழுதுதல் கூடாது.

பேனாவை வாங்கி வைக்கும் பெற்றோர், பிள்ளைகளைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிட வேண்டாம். சில வாரங்களில் மறையும் அந்தக் கறுப்புப் புள்ளிக்காக அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதையும் எடுத்துரைப்பார்களாக.