வயிற்றின் கொழுப்பை அளக்க ஒரு நாடா போதும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து, பிற மாநில நகரங்களில் குடும்பம் நடத்தும் நம்மவருக்கு உடல் நலமே முதல். சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் ஓடிவந்து தாங்கச் சுற்றத்தார் பக்கத்தில் இல்லை. ஆதலின், நோய் முற்றுமுன் அதன் அறிகுறியை வீட்டிலிருந்தே கண்டுகொள்ளும் வழிகளை நாம் அறிந்திருத்தல் நன்று. அவற்றுள் ஒன்று, வயிற்றினுள் சேரும் கொழுப்பைக் குறைந்த செலவில் மதிப்பிடுதல்.

உடற்கொழுப்பு இருவகைப்படும். தோலுக்கடியில் தங்குவது ஒன்று. கிள்ளினால் விரல்களுக்கிடையே அகப்படுவது அதுவே. மற்றொன்று கல்லீரல், குடல் முதலிய உறுப்புகளைச் சூழ்ந்து படிவது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாரடைப்புக்கும் பெரிதும் துணைபோவது இந்த உட்கொழுப்பே. பருமன் எவ்வளவு என்பதோடு, அது உடலில் எங்கே தங்குகிறது என்பதையும் நோக்க வேண்டுமென்று பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

எடை பார்க்கும் கருவி இதனைச் சொல்லாது. சரக்கு வண்டியை எடைமேடையில் நிறுத்தினால் மொத்த எடை தெரியுமேயன்றி, உள்ளே இருப்பது என்ன சரக்கு என்பது தெரியாது. உடம்பும் அவ்வாறே. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் ஒரு குறிப்பு வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியான கைகால்களும் முன்தள்ளிய வயிறும் நம் நாட்டவரிடம் மிகுதி என்பதை இது நினைவூட்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆராய்ச்சியாளர் நாடெங்கும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்விலும், வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வயிற்றுப் பருமன் காணப்பட்டது.

உட்கொழுப்பைத் துல்லியமாகக் காட்டுவன சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும். இரண்டும் செலவு மிக்கவை; முன்னதில் கதிர்வீச்சும் உண்டு. இதற்காக மட்டும் அவற்றை நாட வேண்டுவதில்லை.

தையற்காரர் நாடா ஒன்று போதும். நிமிர்ந்து நின்று, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தடவி அறிக. இரண்டுக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சு விட்ட முடிவில் அளக்கவும். வயிற்றை எக்குதல் கூடாது. கால்சட்டையின் அளவை இதற்குப் பதிலாகக் கொள்ளுதலும் தவறு. பலர் அதனைத் தொப்பைக்குக் கீழே அணிகின்றனர். நம் நாட்டவருள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கர்ப்பிணிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது.

நாடாவும் இல்லையெனில் நூல் போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுக. முனைகள் சேர்ந்தால் நன்று. சேராவிடில் வயிறு உயரத்தில் பாதியைக் கடந்துவிட்டது என்று பொருள். 165 சென்டிமீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் உள்ளவரைக் குண்டர் என்று எவரும் கூறார். ஆனால் அவர் வயிறு 94 சென்டிமீட்டராயின், உயரத்தில் 0.57 பங்கு ஆகிறது. 0.5க்கு மேல் எச்சரிக்கை, 0.6க்கு மேல் அபாயம் அதிகம்.

மிகப் பருத்த உடலினருக்கு நாடாவின் அளவு மட்டும் போதாது. தோலடிக் கொழுப்பையும் உட்கொழுப்பையும் அது பிரித்துக் காட்டாது. அன்னோர் பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் வயிற்றின் உச்சியில் ஒரு மரச்சட்டத்தைக் கிடையாக வைத்து, தரையிலிருந்து அதன் உயரத்தை அளக்கலாம். படுக்கும்போது தோலடிக் கொழுப்பு பக்கங்களில் சரியும். உட்கொழுப்பு வயிற்றை உயர்த்தி நிறுத்தும். திங்கள்தோறும் அளந்து, தம் பழைய அளவோடு ஒப்பிடுவதற்கு இது உதவும்.

கடைகளில் விற்கும் மின்சார எடைக் கருவிகள் சில உட்கொழுப்புக்கும் ஓர் எண் காட்டுகின்றன. சிறு மின்னோட்டத்தை உடலில் செலுத்திக் கணக்கிட்டுச் சொல்லும் ஊகமே அது. உண்ட உணவும் குடித்த நீரும் அதனை மாற்றிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் அதில் ஏறலாகாது.

வயிற்றளவு எல்லை கடந்தவர் மருத்துவரிடம் சென்று இரத்தத்தில் சர்க்கரையையும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பையும் சோதிப்பது நலம். வெறும் வயிற்றில் எடுத்த டிரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்கு மேலிருந்து, வயிறும் பெருத்திருப்பின், உட்கொழுப்பு மிகுதி என்னும் ஐயம் வலுப்படுகிறது. தேவையெனில் அல்ட்ராசவுண்ட் கருவியால் கல்லீரலின் கொழுப்பையும் மருத்துவர் பார்ப்பார்.

அஞ்ச வேண்டுவதில்லை. உணவில் மட்டும் நடைப்பயிற்சியில் ஒழுங்கும் கொண்டால் உட்கொழுப்பு குறையும். எடை அசையாதபோதும் வயிறு சுருங்குவதுண்டு; எடையை மட்டும் பார்த்து மனம் தளர்பவர் இதனைக் கருத வேண்டும். ஆகவே, அன்பர்களே, மளிகைக் கணக்கு எழுதும் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கி, வீட்டிலுள்ள பெரியோர் ஒவ்வொருவரின் வயிற்றளவையும் மாதம் ஒருமுறை தேதியிட்டு எழுதி வாருங்கள். இல்லத்தரசிகள் கணவரை அளப்பதோடு நில்லாது தம்மையும் அளந்துகொள்ளுதல் வேண்டும்.